குரங்குப் பெடலுக்கு ஒரு லட்சமா, கண்ணு?

கண்ணு, நீ அனுப்பி வெச்ச போட்டோவைப் பார்த்தேன். கண்ணாடி போட்டு ஒருக்கா, போடாம ஒருக்கா. கறுப்பு வண்டி, அதுல மெல்லிசா ஒரு செவப்புக் கோடு, பிரேக்கு ஒயரெல்லாம் குழாய்க்குள்ளயே ஓடுது. உன்ற அம்மாயிகிட்டயும் காட்டினேன். விலையைச் சொன்னதும் அவ ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: "மட்கார்டு இல்ல, கேரியர் இல்ல, ஸ்டாண்டு இல்ல. இத்தனையும் கழட்டி வெச்ச கூலிதான் அந்த ஒரு லட்சமா?" அவளுக்கு என்ன தெரியும், விடு. நான் உன்ற கட்சிதான்.

கீழே நீ எழுதியிருந்ததையும் படிச்சேன். கார்பன் போர்க்கு, டிஸ்க் பிரேக்கு, 18 கியரு, எடை பத்துக் கிலோ. கடைசியா, "56 சைஸ் மட்டுந்தான் இருக்குதாம் அப்புச்சி, ஆனா பத்து பர்சென்ட் தள்ளுபடி." வண்டியைப் பத்தின சமாச்சாரம் ஒண்ணு விடாம வந்துருச்சு. அதுமேல ஏறி உக்காரப் போறவனைப் பத்தித்தான் ஒரு வரியைக் காணோம். நீ அஞ்சடி ஆறங்குலம். 56ங்கிறது சுமாரா அஞ்சடி பத்துக்கு மேல இருக்கறவனுக்குப் பொருந்தற வண்டி. தள்ளுபடி குடுத்தா உன்ற காலு நாலங்குலம் நீண்டுக்குமா? நீண்டுக்கும்னா சொல்லு, நானும் வர்றேன். எனக்கும் அந்த ஆசை ரொம்ப நாளா இருக்குது.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுக்கு உன்னைத் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டுப் போயிருக்கேன். அங்க மாட்டுச் சந்தையில எவனாச்சும் கொம்புக்குப் பூசின பெயிண்டைப் பார்த்து அட்வான்ஸ் குடுத்துப் பார்த்திருக்கியா? பல்லைப் பிடிச்சுப் பார்ப்பான், சுழி பார்ப்பான், நாலு நடை நடக்க விடுவான், பொறவு தன்ற காட்டுக்கு இது ஆகுமான்னு யோசிப்பான். நீ கொம்புப் பெயிண்டைப் போட்டோ எடுத்துட்டு வந்திருக்கே. படிச்ச புள்ளை, சரியாத்தான் இருக்கும்.

இந்த ஊர்ல எவனும் அளவான வண்டியில சைக்கிள் பழகினது கிடையாது. அப்பனோட வண்டிதான். 22 இஞ்சு பிரேம், இல்லாட்டி 24 இஞ்சு. சீட்டு நெஞ்சு உசரத்துக்கு நிக்கும். பையன் என்ன பண்ணுவான்? பாருக்கு அடியில ஒரு காலை விட்டு அந்தப் பக்கத்துப் பெடலை மிதிச்சுக்கிட்டு, ஒடம்பு ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்னு போவான். குரங்குப் பெடல். என்ற வாடகைச் சைக்கிள் கடையில சின்ன வண்டியும் ரெண்டு மூணு கிடந்தது. சனி ஞாயிறுன்னா அதுக்கு அடிதடி. கிடைக்காத பையனுக பெரிய வண்டியை எடுத்துக்கிட்டுக் குரங்குப் பெடல் போட்டு, முட்டியைச் சிராய்ச்சுக்கிட்டு வந்து நிப்பானுக. வண்டிக்குக் கோட்டம் விழுந்திருக்கான்னுதான் நான் மொதல்ல பார்ப்பேன், முட்டியை அப்புறமாத்தான்.

அன்னைக்குக் காசில்ல, ஊட்டுக்கு ஒரே வண்டி, அளவு பார்க்க வழியில்ல. நீ சம்பாதிக்கற, கோயமுத்தூர்ல கடைக்குக் கடை வண்டி மாட்டித் தொங்க விட்டிருக்கான், அப்பவும் அளவில்லாததையே தேடிப் பிடிச்சு வாங்கப் போறேங்கிற. பரம்பரைப் பழக்கம் லேசுல போகாது போல.

நீ திருப்பிக் கேப்பே: "அப்புச்சி, நீங்க எல்லாரும் அந்தப் பெரிய வண்டியிலதானே பத்து மைல் போனீங்க, ஒண்ணும் ஆகலையே?" நல்ல கேள்விதான். அந்த வண்டியில முதுகு நேரா, வெத்தலை போட்டுக்கிட்டு உக்காந்திருப்போம். பின்னால அரிசி மூட்டை இருக்கும், வேகத்துக்கு இடமே இல்ல. எட்டு இடத்துல நின்னு பேசிட்டுத்தான் போவோம். சீட்டு ரெண்டங்குலம் ஏறி இறங்கி இருந்தா ஒடம்பு பொறுத்துக்கும். உன்ற வண்டி அப்படியில்ல. குனிஞ்சு, கையிலயும் கொஞ்சம் பாரத்தை வெச்சு, நிமிஷத்துக்கு எண்பது தொண்ணூறு தடவை மிதிக்கற வண்டி. ரெண்டு மணி நேரத்துல ஒரே முட்டி பத்தாயிரம் தடவை மடங்கும். ஒரு சென்டிமீட்டர் தப்புன்னா அது பத்தாயிரம் தடவை தப்பு.

1990கள்ல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் நடந்தப்போ ஆயிரக்கணக்கான பொம்பளைங்க சைக்கிள் பழகினாங்க. பத்திரிகைக்காரர் சாய்நாத் அதைப் பத்தி எழுதியிருக்கார். லேடீஸ் சைக்கிள் சரியாக் கிடைக்காம ஜென்ட்ஸ் சைக்கிளைத்தான் ஓட்டினாங்க, அதுலயும் சில பேரு எனக்கு அதுவே மேலுன்னாங்களாம். ஏன்னா முன்னாடி இருக்கற பார்ல புள்ளையை உக்கார வெச்சுக்கலாம். எதுக்கு வாங்கறோம்னு அவங்களுக்குத் தெளிவாத் தெரிஞ்சிருந்தது. உன்னைக் கேட்டா "பிட்னெஸ்"ங்கிற. அது ஒரு பதிலா? காலையில ஒரு மணி நேரம் சும்மா சுத்திட்டு வரப் போறியா, சத்தியமங்கலம் தாண்டித் திம்பத்துல 27 கொண்டை ஊசி வளைவும் ஏறப் போறியா, இல்ல 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்துல முடிக்கறாங்களே, ப்ரெவேன்னு, அதுக்குப் போகப் போறியா? காபிக் கடை வாசல்ல சாத்தி வெச்சுப் போட்டோ எடுக்கறதுக்கு மட்டும்னா 56ஏ வாங்கிக்க. போட்டோவுல பெருசாத் தெரியும்.

சரி, கோவிச்சுக்காதே. கடைக்குப் போகறதுக்கு முன்னாடி பண்ண வேண்டிய சோலி ஒண்ணு இருக்குது. நம்ம கொத்தனார் மாரப்பன்கிட்ட ரசமட்டம் ஒண்ணு வாங்கு. செருப்பைக் கழட்டிட்டு, செவுத்துல முதுகும் குதிகாலும் ஒட்டற மாதிரி நில்லு. பாதம் ரெண்டுக்கும் நடுவுல அரையடி இடம் இருக்கட்டும். ரசமட்டத்தைக் காலிடுக்குல வெச்சு நல்லா மேல தூக்கு. கூச்சப்படாதே, சீட்டு எப்படி அழுத்துமோ அப்படி அழுத்தோணும். குமிழி நடுவுல நிக்கறப்போ, ரசமட்டத்தோட மேல்விளிம்பு செவுத்துல எங்க தொடுதோ அங்க பென்சில்ல ஒரு கோடு. தரையில இருந்து அந்தக் கோடு வரைக்கும் டேப்பு பிடி. ஒருக்கா பத்தாது, ரெண்டு மூணு தடவை அளந்து பாரு. பேண்டு தைக்கறவன் எடுக்கற உள்கால் அளவைக் கொண்டுபோய்ச் சொல்லிடாதே, அது மூணு நாலு சென்டிமீட்டர் கொறவா வரும். அம்மாயி இருக்கறப்போ பண்ணாதே, பல்லி விழுந்த பலன் பார்க்கக் கெளம்பிடுவா.

78 சென்டிமீட்டர் வருதுன்னு வெச்சுக்குவோம். அதை 0.883ஆல பெருக்கு. 68.9 வருது. அமெரிக்காக்காரன் கிரெக் லெமாண்டும் அவனுக்குப் பயிற்சி குடுத்த பிரெஞ்சுக்காரர் கிமாரும் பேர் வாங்கின கணக்கு இது. லெமாண்ட் டூர் த பிரான்ஸை மூணு தடவை ஜெயிச்சவன். ரெண்டு பெடல் கையையும் சேர்க்கற ஒரு அச்சு இருக்குதே, நாங்க பிபின்னு சொல்றது, அதோட நடுவுல இருந்து சீட்டோட மேல்பாகம் வரைக்கும் சீட்டுக் குழாய் சாய்வுலயே அளந்தா அந்த 68.9 இருக்கோணும். அதே 78ஐ 0.67ஆல பெருக்கினா 52 சொச்சம். பழைய காலத்துப் படுத்த பார் வண்டிக்குப் பிரேம் சைஸ் அது. பார்த்தியா, உன்ற காலே 52ன்னு சொல்லுது. கடைக்காரன் 56ங்கிறான். ரெண்டு பேர்ல யாரு உன்கூட ஊட்டுக்கு வர்றான்?

கணக்கு ஒரு தொடக்கந்தான், அதைப் புடிச்சுக்கிட்டு அழவும் கூடாது. வண்டியை ஸ்டாண்டுலயோ செவுத்துலயோ நிறுத்தி, மேல ஏறி, குதிகாலைப் பெடல்ல வெச்சுப் பின்னோக்கி மிதி. பெடல் அடியில போறப்போ காலு நேரா நீண்டு நிக்கோணும், இடுப்பு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடக் கூடாது. பொறவு பாதத்தோட முன்பகுதியைப் பெடல்ல வெச்சா முட்டி தன்னால ரவ மடங்கும். அந்த மடக்கு 25 பாகைக்கும் 35 பாகைக்கும் நடுவுல இருந்தா நல்லதுன்னு படிச்சவங்க சொல்றாங்க. சீட்டு தாழ்ந்திருந்தா முட்டிக்கு முன்னால வலிக்கும். ஏறியிருந்தா முட்டிக்குப் பின்னால இழுக்கும், சீட்டுல இடுப்பு ஆட்டுக்கல்லு சுத்தும். எங்க வலிக்குதுன்னு பார்த்தாலே எந்தப் பக்கம் திருக்கோணும்னு தெரிஞ்சு போகும். இதுக்கு லேப்டாப் வேண்டாம், ஒரு ஆலன் கீ போதும்.

பெல்ஜியத்துல எடி மெர்க்ஸுன்னு ஒருத்தர். டூர் த பிரான்ஸை அஞ்சு தடவை ஜெயிச்ச ஆளு. 1969ல புளுவாங்கற ஊர்ல சைக்கிள் பந்தயத் தளத்துல விழுந்து இடுப்பு கோணிக்கிச்சு. அதுக்குப் பொறவு அவருக்குச் சீட்டு எந்த உசரத்துல இருந்தாலும் சரிப்படலை. பந்தயம் ஓட்டிக்கிட்டிருக்கையிலேயே சாவியை எடுத்து ஏத்தறதும் இறக்கறதுமா இருந்திருக்கார். அப்பேர்ப்பட்ட மனுசனே மில்லிமீட்டருக்கு மில்லிமீட்டர் அலைஞ்சிருக்கார். நீ கடைக்காரன் போட்டோவுக்காக வெச்ச உசரத்துலயே ஊட்டி வரைக்கும் போயிட்டு வந்து, "சைக்கிளே ஒடம்புக்கு ஆகாதுங்க"ன்னு ஆபீஸ்ல சொல்லுவே.

சீட்டு உசரத்தை ஏத்தலாம், இறக்கலாம். எந்த மடையனும் பண்ணிக்கலாம். மாட்டிக்கறது நீளத்துலதான், கண்ணு. சீட்டுல இருந்து ஹேண்டில் எத்தனை தூரத்துல இருக்குதுங்கறதுதான் சங்கதி. அதுக்கு ரெண்டு எண்ணு இருக்குது, ஸ்டாக்கு, ரீச்சு. பிபி நடுவுல இருந்து நேரா ஆகாசத்தைப் பார்த்து ஒரு கோடு போடு. ஹேண்டில் சொருகற குழாயோட தலை மட்டத்துக்கு அந்தக் கோடு எத்தனை உசரம் போகுதோ அது ஸ்டாக்கு. அங்கிருந்து முன்னால படுக்கையா அந்தக் குழாய்த் தலை வரைக்கும் எத்தனை தூரமோ அது ரீச்சு. ஒரே 54 சைஸ்லயே, பந்தய வண்டின்னா ஸ்டாக்கு 540 மில்லிமீட்டர் பக்கம் இருக்கும். நெடுந்தூரம் போறதுக்குன்னு செஞ்சதுல 570 பக்கம் இருக்கும். மூணு சென்டிமீட்டர்தானேன்னு நீ சிரிப்பே. எண்பதாவது கிலோமீட்டர்ல தலையைத் தூக்கி லாரி வருதான்னு பார்க்கறப்போ உன்ற கழுத்து சிரிக்காது.

சைஸ்ங்கிற அந்த எண்ணை நம்பிக்கிட்டு மட்டும் போகாதே. ஒரு காலத்துல சீட்டுக் குழாயை அளந்து சைஸ் சொன்னாங்க. 1990கள்ல தைவான்காரன் ஜயண்டு, மேல் பாரைப் பின்பக்கம் சரிச்சு வண்டி விட்டான். அதுக்குப் பொறவு குழாய் நீளத்துக்கும் ஸ்டிக்கருக்கும் சம்பந்தம் அறுந்து போச்சு. ஒரு கம்பெனி 54 இன்னொரு கம்பெனி 52க்குச் சரியா இருக்கும். சக்கரத்தையே பாரு: 700ன்னு போட்டிருக்கும். டயர் உக்கார்ற ரிம்மை அளந்தா 622 மில்லிமீட்டர். எங்க காலத்து 28 இஞ்சு வண்டியில அதே இடம் 635. இந்தத் தொழில்ல ஸ்டிக்கர்ங்கிறது ஒரு மரியாதைக்கு ஒட்டறது.

அப்ப எப்படித்தான் பார்க்கறது? ஓட்டிப் பார்க்கறதுதான். கடை வாசல்ல ரெண்டு வட்டம் போடறதுக்குப் பேரு ஓட்டிப் பார்க்கறது இல்ல. அது கோயில் சுத்தறது. சீட்டை உன்ற அளவுக்கு வெச்சுக் குடுக்கச் சொல்லி, இருபது முப்பது நிமிசம் ரோட்டுல போ. பிரேக்குக்கு மேல இருக்கற ரப்பர் குமிழைப் புடிச்சுக்கிட்டு ஓட்டு. முழங்கை லேசா மடங்கி இருக்குதா? தோளு காதுக்கிட்ட ஏறிடுச்சா? சீட்டு மூக்குல வந்து குந்திக்கிறியா? அப்படின்னா வண்டி உனக்கு நீளம். ஓட்டிக்கிட்டே கைப்பாரத்தை ரவ எடுத்துப் பாரு, ஒடம்பு முன்னால தொப்புன்னு சாயாம நிக்கோணும். சாஞ்சா மொத்தப் பாரமும் உள்ளங்கையில. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகும். உள்ளங்கை ஓரமா ஓடற நரம்பு நசுங்கறதால வர்ற வினை அது. கையை உதறிக்கிட்டே ஊடு வந்து சேருவே. அம்மாயி பேய் புடிச்சிருச்சும்பா.

சில கடையில ஒரு வித்தை காட்டுவாங்க. முழங்கையைச் சீட்டு மூக்குல வெச்சு, விரல் நுனி ஹேண்டிலைத் தொட்டாச் சரியான சைஸ்ம்பாங்க. இன்னொருத்தன், ஓட்டறப்போ ஹேண்டில் கம்பி முன் சக்கர அச்சை மறைக்கோணும்பான். ரெண்டையும் பவ்யமாக் கேட்டுக்க, தலையை ஆட்டு, மறந்துடு. முட்டியில இருந்து நூல் குண்டு விட்டா அது பெடல் அச்சு மேல விழுகோணும்னு ஒரு வேதவாக்கு உண்டு. அதை வெறும் கட்டுக்கதைன்னு கீத் பான்ட்ரேகர்னு வண்டி செய்யறவரே எழுதி வெச்சிருக்கார். சீட்டை முன்னால தள்ளறதா பின்னால தள்ளறதான்னு ஆரம்பிக்கறதுக்கு அந்த நூல் குண்டு போதும், அதுக்கு மேல அதுக்குப் பூசை போட வேண்டாம்.

"சார், ஸ்டெம்மை மாத்திக்கலாம், சின்னது போட்டா கைக்கு எட்டிரும்"னு உன்ற கடைக்காரத் தம்பி சொல்லுவான். ஹேண்டிலைப் புடிச்சு நிக்கற அந்தக் கழுத்துத் துண்டுதான் ஸ்டெம்மு. ரோடு வண்டியில 90ல இருந்து 110 மில்லிமீட்டர் வரைக்கும் சாதாரணம். பத்து மில்லி கூடக் கொறைய மாத்தறது நியாயம். 56ஐ உனக்கு எட்ட வைக்கறதுக்கு 60 மில்லித் துண்டு மாட்டினா, ஹேண்டில் துறுதுறுன்னு திரும்பும், எறக்கத்துல பயமா இருக்கும். அதைவிடச் சின்ன பிரேமே வாங்கிடலாமே, தம்பின்னு கேளு. "ரெண்டு வாரத்துல பாடி செட்டாயிரும் சார்"ம்பான். உன்ற பாடி செட்டாகறதுக்கு அவன் எத்தனை குடுப்பான்னு கேட்டுப் பாரு.

ரெண்டு சைஸுக்கு நடுவுல நிக்கறேன்னா, ஆரம்பிக்கறவன் சின்னதை எடுக்கறது பெரும்பாலும் நல்லது. சின்ன வண்டியை ரவ நீட்டலாம், சீட்டை ஏத்தலாம். பெரிய வண்டியைக் குறுக்கறதுக்கு ரம்பந்தான் வேணும். ஒண்ணு மட்டும் பார்த்துக்க: சின்ன வண்டியில ஹேண்டிலும் தாழ்ந்து போகும். தொப்பை இருக்கறவன் குனிஞ்சு மிதிச்சா ஒவ்வொரு மிதிக்கும் தொடை வயித்துல இடிக்கும். யாரைச் சொல்றேன்னு உனக்கே தெரியும்.

தொப்பைன்னதும் எடை ஞாபகம் வருது. பந்தயக்காரங்களுக்கே 6.8 கிலோவுக்குக் கீழ வண்டி இருக்கக் கூடாதுன்னு உலக சைக்கிள் சங்கம் சட்டம் போட்டு வெச்சிருக்குது. நீ 10 கிலோ வண்டிக்கும் 9 கிலோ வண்டிக்கும் முப்பதாயிரம் வித்தியாசம் குடுக்கலாமான்னு கேக்கறே. தாராளமாக் குடு. ராத்திரி பரோட்டாவை நிறுத்தினா அந்த ஒரு கிலோ சும்மாவே போகும், ஆனா பரோட்டாவை நிறுத்தறது கஷ்டம், முப்பதாயிரம் குடுக்கறது சுலபம். கியரும் அப்படித்தான். கிளாரிஸா, சோராவா, 105ஆன்னு ராத்திரி தூங்காமக் கெடக்கறியாம். டூர் த பிரான்ஸ்ல 1937 வரைக்கும் ஓடிக்கிட்டே செயினை மாத்தற டீரெய்லரையே விடலை. எறங்கி, பின் சக்கரத்தைக் கழட்டித் திருப்பிப் போட்டு ஆல்ப்ஸ் மலை ஏறினாங்க. உனக்கு வேண்டியது முன்னால 50க்கு 34, பின்னால பெரிய பல்லு 32ஓ 34ஓ. திம்பம் ஏறிடலாம். அதுக்கு மேல இருக்கற எழுத்தெல்லாம் செல்வாக்கு.

டயரைத்தான் நீ கண்டுக்கவே இல்ல. அங்கதான் என்ற தொழில் இருந்துச்சு, அதனால சொல்றேன். 23 மில்லி டயரை 120 பவுண்டு காத்துல கல்லு மாதிரி வெச்சு ஓட்டறதுதான் வேகம்னு நெனச்ச காலம் போச்சு. பந்தயக்காரனே 28க்கு வந்துட்டான். நம்ம ரோட்டுக்கு 28 கண்டிப்பா வேணும், பிரேம்ல 32 நுழையற இடம் இருந்தா ரெட்டைச் சந்தோசம். கடையிலயே கேளு, "எத்தனை மில்லி டயர் வரைக்கும் போகும்?" அந்த ஒரு கேள்வியிலயே அவன் உன்னை விவரமானவன்னு நெனச்சுக்குவான், விலையையும் கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுவான். இன்னொண்ணு, அதோட வால்வு மெல்லிசா பென்சில் முனையாட்டம் இருக்கும், நம்ம பஞ்சர் கடைப் பம்பு அதுல புடிக்காது. சின்னதா ஒரு பித்தளை மூடி விக்கும், அடாப்டர். அதைப் பையில போட்டுக்க. அது இல்லாம சித்தோடு பைபாஸ்ல நின்னீன்னா, லட்ச ரூபா வண்டியைத் தள்ளிக்கிட்டே வரோணும், பின்னால ஒரு பால்காரன் பழைய வண்டியில பெல் அடிச்சுக்கிட்டே உன்னைத் தாண்டிப் போவான்.

சீட்டு மெத்துனு இருக்கோணும்னு நெனைக்காதே. விரல் வெச்சு அமுக்கிப் பார்த்து வாங்கினா அது விரலுக்குத்தான் சொகமா இருக்கும். உக்கார்ற எலும்பு ரெண்டு இருக்குது, அதோட அகலத்துக்குச் சீட்டு அகலம் ஒத்துப் போகோணும். ரொம்ப மெத்துனு இருந்தா எலும்பு புதைஞ்சு, நடுவுல இருக்கற நரம்பு நசுங்கி மரத்துப் போகும். மெத்தை வெச்ச ட்ரவுசர் ஒண்ணு வாங்கிக்க. உள்ள ஜட்டி போடக் கூடாது, அதுதான் அதோட சாத்திரம். அம்மாயி துவைக்கறப்போ கேப்பா, பதிலை இப்பவே தயார் பண்ணி வெச்சுக்க.

செருப்பைப் பெடலோட பூட்டிக்கற கிளிட்டு பத்திக் கேட்டே. ஆறு மாசம் சாதா பெடல்ல ஓட்டு. அவசரம்னா போட்டுக்க, காந்திபுரம் சிக்னல்ல ஒருக்கா கண்டிப்பா விழுவே. வேகமாப் போயி விழுந்தா ஓடி வந்து தூக்குவாங்க. நின்ன எடத்துல மெதுவாச் சாஞ்சு விழுந்தா, மொதல்ல வீடியோ எடுப்பாங்க, பொறவுதான் தூக்குவாங்க.

உன்ற தங்கச்சியும் வாங்கோணும்னு நிக்கறாளாம். அவளுக்கு ரோஸ் கலர் காட்டுவாங்க. தோள் அகலத்துக்கு ஹேண்டில் 38ஓ 40ஓ இருக்குதா, பிரேக்கு லீவர் அவ விரலுக்கு எட்டுதா, சீட்டு அகலம் பொருந்துதா, இதைப் பாருன்னு சொல்லு. அவ உன்னை மாதிரி இல்ல, அளந்துதான் எதையும் வாங்குவா.

கையில ஒரு லட்சம் இருந்தா, எண்பதாயிரத்துக்கு மேல வண்டிக்குப் போகாதே. மிச்சத்துல ஹெல்மெட்டு, முன்னால வெள்ளை லைட்டு, பின்னால செவப்பு லைட்டு, காத்து அளவு காட்டற பம்பு, மாத்து டியூப்பு ரெண்டு. இன்னும் மீந்தா, ஒடம்புக்கு வண்டியைப் பொருத்திக் குடுக்கறதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க, பிட்டிங்னு பேரு, அங்க ஒருக்கா போயிட்டு வா. ஆனா அந்த ஆளுகிட்ட 56ஐத் தூக்கிட்டுப் போகாதே. அவன் நல்ல ஆளா இருந்தா, வண்டியை வித்துட்டு வான்னு சொல்லுவான். கெட்ட ஆளா இருந்தா, காசு வாங்கிக்கிட்டு 60 மில்லி ஸ்டெம்மு மாட்டி விடுவான்.

ஞாயித்துக்கிழமை கடைக்குப் போறப்போ உள்கால் அளவை ஒரு சீட்டுல எழுதி ஜோப்புல வெச்சுக்க. 52ஓ, அதே ஸ்டாக்கு ரீச்சு வர்ற இன்னொரு கம்பெனி வண்டியோ இருந்தா ஓட்டிப் பாரு. இல்லைன்னா வரவழைக்கச் சொல்லு, ஒரு மாசமானாலும் காத்திரு. 56ஐ மட்டும் நீட்டினாங்கன்னா அட்வான்ஸ் குடுக்காம பஸ் ஏறி ஊருக்கு வந்துரு. பஸ் காசு நான் தர்றேன். சைக்கிள் காசுக்கு உன்ற அப்பாவைக் கேளு, மாப்பிள்ளைகிட்ட நான் கேக்கறது முறையில்ல.